எத்தனை பேருக்கு?

தேக்கா சந்தையில் நான் வழக்கமாகப் போகும் அரைத்த மசாலாக் கடையில் இரண்டே கேள்விதான் கேட்பார்கள். “என்ன குழம்பு?” “எத்தனை பேருக்கு?” இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால் கடைக்காரரின் கை தானாக ஓடும். மிளகாய், மஞ்சள், மல்லி, சீரகம், இஞ்சி, பூண்டு எல்லாம் தனித்தனிப் பாத்திரங்களில் அரைத்துத் தயாராக இருக்கும். இதில் இரண்டு கரண்டி, அதில் அரைக் கரண்டி என்று அள்ளி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயைச் சுழற்றி முடிச்சுப் போட்டு நீட்டுவார். கூடவே இலவசமாக ஒரு சமையல் குறிப்பும் வரும். “எண்ணெய் பிரியுற வரைக்கும் வதக்குங்க. அவசரப்பட்டுத் தண்ணி ஊத்திடாதீங்க.”

முதல் கேள்விக்கு நான் தயங்கியதே இல்லை. இரண்டாவது கேள்விக்கு ஓராண்டுக்கும் மேலாகப் பொய் சொன்னேன்.

“நாலு பேருக்கு, அண்ணே.”

வீட்டில் இருப்பது நான் ஒருத்திதான்.

எனக்கு 35 வயதான ஆண்டில், ஈசூனில் மறுவிற்பனைக்கு வந்த ஒரு மூவறை வீட்டை வாங்கினேன். திருமணமாகாதவர்கள் தனியாக வீவக வீடு வாங்க 35 வயதாகியிருக்க வேண்டும் என்பது இங்கே எல்லாருக்கும் தெரிந்த விதிதான். 1991ல் மறுவிற்பனை வீடுகள், 2013ல் புதிய ஈரறை வீடுகள் என்று தனியாள்களுக்குக் கதவு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திறந்தது. அம்மா அந்த விதியைத் தனக்கே உரிய முறையில் விளக்கினார். “35 வயசு வரைக்கும் கவர்மெண்டுக்கும் உன் மேல நம்பிக்கை இருந்திருக்கு. இப்ப அவங்களும் கைவிட்டுட்டாங்க.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சாவி வாங்கிய அன்று பால் காய்ச்சவும் வந்தார். பெரிய பானையைத் தூக்கிக்கொண்டு வந்து, பால் பொங்கியதும் ஊற்றிக் கொடுக்க ஆள் இல்லாமல் நின்றார். ஆளுக்கு இரண்டு கிளாஸ் குடித்தோம். மீதியைத் தயிருக்கு உறை ஊற்றினோம். அந்தத் தயிரை நான் ஒரு வாரம் சாப்பிட்டேன்.

ஒருவருக்குச் சமைப்பதில் உள்ள சிக்கலின் முதல் பாடம் அந்தத் தயிர்தான். ஆனால் எனக்கு அப்போது அது உறைக்கவில்லை.

என் சனிக்கிழமைக் காலைகள் ரயிலில் தொடங்கும். ஈசூனில் ஏறி நியூட்டனில் இறங்கி டௌன்டவுன் பாதைக்கு மாறினால் அடுத்த நிலையம் லிட்டில் இந்தியா. ‘சி’ வெளிவாசல் வழியாக மேலே வந்தால் பஃப்ளோ சாலை. முதலில் வருவது மல்லிகை வாசம். பூக்கடையைத் தாண்டியதும் நடைபாதை முழுக்கக் காய்கறிக் கூடைகள்: வாழைப்பூ, சேனை, கோவைக்காய், கட்டுக்கட்டாக முருங்கைக் கீரை. பெரிய பைகளோடு வருகிறவர்களுக்கு இடையே என் சின்னத் துணிப்பையைப் பார்த்தால், யாரோ எதையோ மறந்துவிட்டு அதை வாங்க மட்டும் ஓடி வந்தது போலிருக்கும்.

ஊரின் பெயர்களிலேயே மாட்டு வாசம் உண்டு. பஃப்ளோ சாலை என்றால் எருமைச் சாலை. இந்த வட்டாரத்தின் மலாய்ப் பெயரான கண்டாங் கெர்பாவ் என்பதும் எருமைத் தொழுவம்தான். ஒரு காலத்தில் இங்கே மாட்டு வியாபாரம் நடந்தது. பழைய சந்தை 1915ல் சிராங்கூன் சாலையின் மறுபுறம் கட்டப்பட்டது. இப்போதைய கட்டடம் 1982ல் திறக்கப்பட்டபோது சீன மொழி உச்சரிப்பில் ‘சுஜியாவ்’ நிலையம் என்று பெயர் வைத்தார்கள். மூங்கிலடி என்று பொருள். யார் வாயிலும் அது நுழையவில்லை. எல்லாரும் ஹொக்கியென் வழக்கில் தேக்கா என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2000ஆம் ஆண்டில் பெயர்ப்பலகையும் மக்கள் வழிக்கு வந்து ‘தேக்கா நிலையம்’ ஆனது.

சந்தைக்கு அருகே ஹேம்ப்ஷயர் சாலையில் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் தலைமையகம் இருக்கிறது. அதுதான் பழைய கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை. 1966ல் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தன. ஒரே ஆண்டில் ஒரே மகப்பேறு மருத்துவமனையில் மிக அதிகப் பிறப்புகள் என்று கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்த எண்ணிக்கை அது. அந்த 39,835 பேரில் ஒருவர் என் அம்மா. “கட்டில் பத்தாம எங்கம்மாவ இன்னொருத்தர்கூடப் படுக்க வச்சாங்களாம்” என்று பெருமையாகச் சொல்வார். கூட்டத்திலேயே பிறந்து, கூட்டத்துக்கே சமைத்தவர். பாட்டி, அப்பா, அம்மா, நான், இரண்டு தம்பிகள் என்று அங் மோ கியோ வீட்டில் ஆறு பேர். இதே சந்தையில், இதே கேள்விக்கு, “ஆறு பேருக்கு” என்று அம்மா யோசிக்காமல் பதில் சொன்னதைப் பக்கத்தில் நின்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

எனக்கு மட்டும் ஏன் “ஒரு ஆளுக்கு” என்று சொல்ல வாய் வரவில்லை?

வெட்கம்தான். அலுவலகத்தில் யாரும் கேட்பதில்லை. பேரங்காடியில் இயந்திரமே பணம் வாங்கிக்கொள்கிறது, அதற்கு என் வீட்டு நிலவரம் தேவையில்லை. தேக்காவில் மட்டும்தான் சத்தமாகச் சொல்ல வேண்டும். பின்னால் வரிசையில் நிற்கிற அம்மாக்கள் காதில் விழும். அதற்கு அடுத்து என்ன கேள்வி வரும் என்பது நம் வீட்டுக் கல்யாணங்களில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்ட எல்லாருக்கும் தெரியும்.

அதனால் எனக்கு ஒரு குடும்பம் உருவானது. நாலு பேர். ஒரு நாள் கடைக்காரர் இயல்பாகக் கேட்டார்: “போன வாரம் கோழி எப்படிம்மா இருந்துச்சு? பிள்ளைங்களுக்குக் காரம் சரியா இருந்துச்சா?”

“கொஞ்சம் கூட, அண்ணே” என்று வாயில் வந்ததைச் சொல்லி வைத்தேன்.

வந்தது வினை. அந்த வாரம் முதல் என் மசாலாவில் மிளகாய்க் கரண்டி பாதியானது. பிள்ளைகளுக்காக. நானோ கறியில் காரம் தெறிக்க வேண்டும் என்று நினைக்கிறவள். இல்லாத இரண்டு பிள்ளைகளின் நாக்குக்காக வாரக்கணக்கில் சப்பென்ற குழம்பைச் சாப்பிட்டேன். நாலு பேருக்கான மசாலா என்பதால் அது தீரவும் தீராது. முக்கால்வாசி குளிர்சாதனப் பெட்டியில் கறுத்துப் போய்க் குப்பைக்குப் போகும். காசு கொடுத்து வாங்கிய மசாலாவைப் பொய்க்காகக் கொட்டுவது என்றால், அதற்கும் ஒரு எல்லை உண்டு.

ஒரு சனிக்கிழமை, கடையில் கூட்டம் குறைவாக இருந்த நேரம் பார்த்துச் சொன்னேன். “அண்ணே, மீன் குழம்பு. ஒரு ஆளுக்கு. காரம் நல்லா வேணும்.”

அவர் கரண்டியை நிறுத்தினார். “மத்தவங்க?”

“மத்தவங்க இல்ல. முன்னாடியும் இல்ல.”

ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். “இத மொதல்லயே சொல்றதுக்கு என்னம்மா? இப்பப் போனாரே சீன அங்கிள், வருஷக்கணக்கா ஒரு ஆளுக்குத்தான் வாங்குறாரு. வாரா வாரம் கோழிக் குருமா. இங்க நெறையப் பேரு ஒரு ஆளுக்குத்தான்.” ஒரு கரண்டியும் கொஞ்சமும் அள்ளிக் கட்டினார். மிளகாய் மட்டும் தாராளமாக விழுந்தது. கையில் கொடுத்தபோது ஒரு முட்டையளவுதான் இருந்தது பை.

கல்யாணம் ஆச்சா என்று கேட்பார் என்று காத்திருந்தேன். “அடுத்தது யாரு?” என்று கேட்டார்.

அந்தப் பையோடு வீட்டுக்குப் போனபோதுதான் உண்மையான சிக்கல் தொடங்கியது. அம்மாவின் மீன் குழம்பை நான் ஆறால் வகுத்தேன். புளி ஆறில் ஒரு பங்கு, தண்ணீர் ஆறில் ஒரு பங்கு, எண்ணெய் ஆறில் ஒரு பங்கு. எண்ணெய் சட்டியின் அடியை நனைக்கவே போதவில்லை. வெந்தயம் பொரியாமல் கருகியது. தண்ணீர் மீன் வேகும் முன்பே வற்றி, குழம்பு தொக்கானது. நெருப்புக்குச் சாப்பிடுகிறவர்களின் எண்ணிக்கை தெரியாது. தண்ணீர் ஆவியாவது சட்டியின் அகலத்தையும் நேரத்தையும் பொறுத்தது. ஆறு பேருக்கும் மீன் வேக எட்டு நிமிடம்தான், ஒருவருக்கும் எட்டு நிமிடம்தான். ஆக, ஒருவருக்கான குழம்பு தனிக் கணக்கு.

அடுத்த வாரமே சிராங்கூன் சாலைப் பாத்திரக் கடை ஒன்றில் உள்ளங்கை அகலச் சட்டி ஒன்று வாங்கினேன். கடைக்காரப் பெண் “சாமிக்குப் படைக்கவா?” என்று கேட்டார். “எனக்குப் படைக்க” என்றேன்.

இப்போது என் மீன் குழம்பு இப்படி: எண்ணெயில் கஞ்சம் வேண்டாம், ஒரு மேசைக்கரண்டி முழுசாக. கால் தேக்கரண்டி வெந்தயம், ஒரு கொத்துக் கறிவேப்பிலை, நாலைந்து சின்ன வெங்காயம். வெங்காயம் கண்ணாடியானதும் மசாலாவைப் போட்டு, சிறு தீயில் எண்ணெய் மேலே மிதக்கும் வரை வதக்க வேண்டும். கொஞ்ச மசாலா என்பதால் சீக்கிரம் அடிபிடிக்கும். அந்த ஐந்து நிமிடம் கைப்பேசியைத் தொடாதீர்கள். ஒரு தக்காளியைக் கையாலேயே பிசைந்து போடலாம். புளி பாதி நெல்லிக்காய் அளவு, தண்ணீர் ஒரு கிளாஸ். கொதித்து, பச்சை வாடை போனதும் ஒரே ஒரு கானாங்கெளுத்தியை இரண்டாக வெட்டிப் போட்டு மூடினால் எட்டு நிமிடம். அடுப்பை அணைத்து அரை மணி நேரம் விட்டுவிட்டால் ருசி கூடும். பசி விடாவிட்டால் உடனே சாப்பிடலாம், கேட்க ஆள் இல்லை.

கானாங்கெளுத்தி தனியாள்களின் மீன் என்பது என் அபிப்பிராயம். மலாயில் கெம்போங். ஒரு மீன் ஒரு ஆளுக்கு, கணக்குச் சரி. வஞ்சிரம் என்றால் ஒரு துண்டு வெட்டித் தரச் சொல்ல வேண்டும். மீன் பகுதியில் நான் வாங்குகிற சீனர் முதலில் “பெராப்பா ஓராங்?” என்று மலாயில் கேட்டார், எத்தனை பேர் என்று. இங்கேயும் அதே கேள்வி. “சாத்து” என்று ஒரு விரலைக் காட்டினேன். பேச்சே இல்லாமல் ஒரு மீனைக் கழுவி, வயிற்றைச் சுத்தம் செய்து, வாலை வெட்டிக் கொடுத்தார். ஒரு மீனுக்கு அவ்வளவு வேலை செய்ததற்காக அவரிடமே தொடர்ந்து வாங்குகிறேன்.

குடும்பத்தோடு வருகிறவர்களுக்கான இடம் தேக்கா, தனியாள்களுக்குப் பேரங்காடி என்று நினைத்திருந்தேன். நேர்மாறு. பேரங்காடியில் காரட் ஒரு பொட்டலம், மிளகாய் ஒரு பொட்டலம், உருளைக்கிழங்கு ஒரு கிலோ. கறிவேப்பிலைகூட ஒரு பொட்டலம், பாதி கறுத்துப் போகும். தேக்காவில் ஒரு கத்தரிக்காய், இரண்டு வெண்டை… வெண்டை இரண்டு கேட்டால் முறைப்பார்கள், ஐந்து கேளுங்கள். ஒரு முருங்கைக்காய் தருவார்கள். நான் போகும் காய்கறிக் கடையின் சீன மாது “முருங்கக்கா நல்லா இருக்கு, அம்மா” என்று தமிழிலேயே அழைப்பார். எது வாங்கினாலும் ஒரு கொத்துக் கறிவேப்பிலையைச் சும்மா வைப்பார். கங்கோங் கீரையை மட்டும் முழுக்கட்டாக வாங்கலாம், வதக்கினால் ஒரு கைப்பிடிதான் மிஞ்சும். ஆட்டிறைச்சிக் கடையில் மட்டும் எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. 200 கிராம் என்றால் எலும்பைத்தான் எடை போடுவார்களோ என்று பயம். ஒருமுறை அரைக் கிலோ வாங்கி, மூன்று பங்காகக் கட்டி உறையவைத்துவிடுகிறேன்.

மசாலாவையும் தேங்காய்ப் பாலையும் பனிக்கட்டித் தட்டில் ஊற்றி உறையவைக்கலாம். ஒரு கட்டி, ஒரு குழம்பு. ரசத்துக்கு இது எதுவும் வேண்டாம், அரைத் தக்காளியும் கொஞ்சம் மிளகும் போதும். சாம்பாரை மட்டும் நான் கைவிட்டுவிட்டேன். ஒருவருக்குச் சாம்பார் வைப்பது ஒருவருக்காகப் பந்தல் போடுவது மாதிரி. அதற்கு மேலே ஏறிச் செல்லத் தேவையில்லை, கீழேயே உணவங்காடி நிலையம் இருக்கிறது.

சொல்லப்போனால் எல்லாவற்றையும் அங்கேயே சாப்பிடலாம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். மீன், மசாலா, காய், எரிவாயு, ரயில் கட்டணம், என் ஒரு மணி நேரம் எல்லாம் சேர்த்தால், வெளியே ஒரு தட்டுச் சோறு வாங்குவதைவிடப் பெரிதாக மிச்சம் ஒன்றுமில்லை. சமைத்தால் காசு மிச்சம் என்கிறவர்கள் குடும்பக்காரர்கள். நான் சமைப்பதற்குக் காரணம் வேறு. வேலை முடிந்து கதவைத் திறக்கும்போது, வீட்டுக்கு ஒரு வாசம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது படுத்து எழும் இடம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போயிருக்கிறேன். அன்று தேக்காவின் முகமே வேறு. புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பேச்சு நாலா பக்கமும் கேட்கும். விடுதியில் இருக்கிற தம்பிகள் இருவர் மூவராக வந்து, அறைக்கே சேர்த்துச் சாக்குக் கணக்கில் வெங்காயம் வாங்குவார்கள். “பன்னெண்டு பேருக்கு, அண்ணே” என்று மசாலாக் கடையில் ஒரு பையன் சொல்லக் கேட்டேன். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவன். மனைவியும் கைக்குழந்தையும் ஊரில் இருப்பதாகக் கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். நான் தேர்ந்துகொண்டு தனியாக இருக்கிறேன். அவன் தேர்ந்தது சம்பளத்தை. பன்னிரண்டு பேருக்கு மசாலாவைத் தூக்கிக்கொண்டு போகிற அவனையும், முட்டையளவுப் பையோடு போகிற என்னையும் பார்த்தால் யார் தனியாள் என்று சொல்ல முடியாது.

இந்தக் கட்டுரையை இத்தோடு முடித்திருப்பேன், ஒரு புதன்கிழமை இரவு முன்னறிவிப்பு இல்லாமல் அங் மோ கியோவுக்குப் போகாமல் இருந்திருந்தால்.

பாட்டி போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. அப்பா போய் நான்கு ஆண்டு. ஒரு தம்பி பெர்த்தில், இன்னொருவன் பொங்கோலில். கடைசியாக வீட்டைவிட்டு வந்தவள் நான். ஞாயிறுதோறும் அம்மாவைப் பார்க்கப் போவேன். போனால் மேசை நிறைந்திருக்கும்: கோழி, பொரியல், ரசம், அப்பளம். அதனால் எனக்கு எந்தச் சந்தேகமும் வந்ததில்லை.

அன்று அந்தப் பக்கம் ஒரு வேலை. முடிந்தபோது ஏழரை மணி. சாவி என்னிடம் இருந்தது. திறந்தேன். தொலைக்காட்சியில் நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, கிரீம் கிராக்கர் பிஸ்கட்டைக் கோப்பியில் முக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“சாப்பிட்டாச்சா?” என்றேன்.

“இதோ, சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.”

சமையலறைக்குப் போனேன். அடுப்பு துடைத்து வைத்தது போலிருந்தது. அரிசி அளக்கிற பழைய பால் டின் கவிழ்ந்திருந்தது. எங்கள் வீட்டில் அரிசிக்கு அந்த டின்தான் அளவு, காலையில் மூன்று டின், இரவில் இரண்டு. குளிர்சாதனப் பெட்டியில் கோழியும் மீனும் உறைந்து கிடந்தன. ஞாயிற்றுக்கிழமைக்காக.

“தினமும் இதுதானா?”

“தினமும் எங்க? பகல்ல கீழ போயி பொட்டலம் கட்டிக்கிட்டு வருவேன். ராத்திரிக்கு என்ன, ஒருத்திக்காக அடுப்பு பத்த வைக்கணுமா?”

எனக்குப் பதில் வரவில்லை. ஒருத்திக்காக அடுப்பு பற்றவைப்பதை நான் பெரிய சுதந்திரமாக நண்பர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் அது. உள்ளங்கைச் சட்டியைப் படமெடுத்துக் குழுவில் போட்டிருந்தேன். நான் வெளியே வந்த அதே நாளில் அம்மாவும் தனியாளானார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அவரை யாரும் தனியாள் என்று சொல்வதில்லை. அவர் அம்மா. நான் என் சாவியை வாங்கினேன், அவருக்கு மூன்று காலி அறைகள் கிடைத்தன. திரும்பி வந்துவிடவா என்று ஒரு கணம் நினைத்தேன். நினைத்தது உண்மை. கேட்கவில்லை என்பதும் உண்மை. கேட்டிருந்தால் “வேண்டாம்” என்றிருப்பார், அந்த வேண்டாமில் பாதி எனக்காக இருந்திருக்கும்.

அன்று இரண்டு முட்டையைப் பொரித்து, அரை டின் அரிசி வைத்து இருவரும் சாப்பிட்டோம். அரை டின் வைத்ததைப் பார்த்து அம்மா, “கோழிக்குப் போடவா?” என்றார். வெந்ததும் சரியாக இருந்தது. ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்.

அடுத்த சனிக்கிழமை அவரையும் தேக்காவுக்கு அழைத்துப் போனேன். அப்பா போன பிறகு அவர் அங்கே வரவில்லையாம். “ஒரு ஆளுக்கு அவ்ளோ தூரம் எதுக்கு?” என்பதுதான் அதற்கும் காரணம். சந்தைக்குள் நுழைந்ததும் அம்மாவின் நடை மாறியது. மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தார். தேங்காயைத் தட்டிப் பார்த்தார். முருங்கைக்காய்ச் சீன மாதுவிடம் மலாயில் விலை பேசி, எனக்கு ஒருபோதும் கிடைக்காத 20 காசு தள்ளுபடியை வாங்கினார். கடைக்கார மாது “எங்க போயிட்டீங்க?” என்று கேட்டார். இத்தனை காலம் நான் வாங்கிய கடை அம்மாவின் கடை என்று அப்போதுதான் தெரிந்தது.

மசாலாக் கடையில் எங்களுக்கு முன்னால் மூன்று பேர். அம்மா பாத்திரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் முறை வந்தது.

“வாங்கம்மா. என்ன குழம்பு?”

“மீன்” என்றார் அம்மா.

“எத்தனை பேருக்கு?”

அம்மா வாயைத் திறந்தார். “ஆ…” என்பது வரை கேட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பையைப் பார்த்தேன். பின்னால் யாரோ வண்டியைத் தள்ளிக்கொண்டு “எக்ஸ்கியூஸ், எக்ஸ்கியூஸ்” என்று கத்திக்கொண்டு போனார்கள்.

“ஒரு ஆளுக்கு” என்றார் அம்மா. பிறகு என்னைக் காட்டி, “இதுக்கும் ஒரு ஆளுக்கு. தனித்தனியா கட்டுங்க. இதுக்குக் காரம் கூட, எனக்கு வேணாம், வயித்துக்கு ஆகாது.”

கடைக்காரர் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. முட்டையளவில் இரண்டு பை கட்டினார். ஒன்றில் அடையாளத்துக்கு ரப்பர் வளையம் போட்டார்.

வெளியே வந்து, உணவங்காடியில் ஆளுக்கொரு தோசை சாப்பிட்டோம். சிராங்கூன் சாலைப் பாத்திரக் கடைக்கும் போனோம். உள்ளங்கைச் சட்டியை அம்மா இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, “இதுல கரண்டியே உள்ள போகாது” என்று வைத்துவிட்டார். கொஞ்ச தூரம் நடந்து, திரும்பிப் போய் வாங்கினார்.

அன்று இரவு எட்டரை மணிக்குத் தொலைபேசி வந்தது.

“உப்பு கூடிப்போச்சு.”

“எவ்ளோ போட்டீங்க?”

“எப்பவும் போடுறதுதான். கை அளவு கைக்குத் தெரியும்னு போட்டேன். கைக்குத் தெரியல.”

“கொஞ்சம் தேங்காப் பால் ஊத்தி…”

“அதெல்லாம் எனக்குச் சொல்லித் தரியா? சாப்பிட்டு முடிச்சாச்சு. சட்டியத்தான் கழுவிக்கிட்டு இருக்கேன். போன வை.”